டவர் படாத போன்

அத்தியாயம் 5

மலை ஏறி முடிப்பதற்குள் சுதாகரின் வயிற்றுக்குள் காலை இட்லி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு தடவை இறங்கி ஏறியிருந்தது. சோளக்காடு என்ற மலையூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் முதலில் தேடியது குற்றவாளியை அல்ல, எலுமிச்சம்பழத்தை.

"மோந்துக்கிட்டே வா," என்றாள் ராதிகா. "கட்சிக்காரங்க கடையில வந்து வாந்தி எடுத்தீன்னா பீஸுல கழிச்சுருவாங்க."

"எடுக்கறதுக்கு உள்ள ஒண்ணுமில்லீங்க அக்கா. அம்மாபாளையம் இட்லி ரெண்டும் கடைசி வளைவுலயே என்னய விட்டுட்டுப் போயிருச்சு."

நாமக்கல்லில் முட்டைக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவள் ராதிகா. சுதாகர் அவளுடைய உதவியாளன். சம்பளம் கொஞ்சம், வாய் ஜாஸ்தி. இருவரையும் மலைக்கு வரவழைத்தவள் தேன்மொழி. மிளகு மண்டி வைத்திருப்பவள். புருஷன் செல்லமுத்து, நாலு மாதத்துக்கு முன் நாமக்கல்லில் மிளகை இறக்கிவிட்டு வெறும் வேனோடு மலை ஏறும்போது வளைவில் உருண்டு போய்ச் சேர்ந்தவன்.

ராதிகா ஒரு மிளகு மூட்டைமேல் உட்கார்ந்து, தேன்மொழியின் போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

"முதல்ல இருந்து ஒருக்கா சொல்லுங்க."

"எங்கூட்டுக்காரரு எல்லாக் கணக்கையும் போன்லதாங்க போடுவாரு. அதுக்குன்னு ஒரு ஆப்பு. டீசலு, கூலி, மூட்டை, ஊட்டுச் செலவு, எல்லாம். ஒவ்வொண்ணுக்குக் கீழயும் ரெண்டு வரி எழுதி வேற வெப்பாரு. கணக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காதுங்க. 'ரெண்டு டீ. ஒண்ணு எனக்கு, ஒண்ணு கடை நாயிக்கு. சக்கரை கம்மின்னு நாயி சொன்னது சரிதான்'னு எழுதியிருப்பாரு."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் தராசைத் துடைத்தாள்.

"அவரு போனதுக்கப்புறம் எம் போன்லயும் அவரு பாஸ்வேர்டு போட்டு அந்த ஆப்ப ஏத்திக்கிட்டேன். கடை சாத்திட்டு தினம் நாலு வரி படிப்பேன். ஒரே மூச்சுல படிச்சா தீந்துபோயிருமுல்லீங்க? அதனால நாலே வரி. இன்னும் படிக்காதது எவ்வளவோ கெடந்துச்சு."

"இப்ப?"

"ஒண்ணுமில்லீங்க. பாருங்க, கடைசிச் சில மாசம் மட்டும் நிக்குது. அதுலயும் வெறும் எண்ணு. அவரு எழுத்து ஒண்ணுகூட இல்ல. அஞ்சு வருசத்த யாரோ வழிச்சுத் தொடச்சுட்டாங்க." தராசுத் தட்டை டொக்கென்று வைத்தாள். "யாரோ என்ன யாரோ. மச்சாண்டாருதான்."

மச்சாண்டார் என்றது செல்லமுத்துவின் அண்ணன் மணிவண்ணனை. அதே மலையில் வளப்பூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் மிளகும் பலாவும் வைத்திருக்கிறவர். உருண்ட வேனிலிருந்து தம்பியின் போனை எடுத்தவர், எடுத்தவர்தான், திருப்பிக் கொடுக்கவில்லை.

"ஆள் உட்டுக் கேட்டேன், நேர்ல போயிக் கேட்டேன். 'இருக்கட்டும் அம்மணி, இருக்கட்டும்'ங்கறாரு. எதுக்குங்க இருக்கட்டும்? அவரு கையில அந்தப் போனு இருக்குது, இங்க எழுத்துப் போயிருச்சு. வேற யாரு? இன்னிக்கு மத்தியான பஸ்ஸுக்குப் போனோட வந்து சேரலைன்னா போலீசுக்குப் போறேன்னு கண்டக்டர்கிட்டச் சொல்லி உட்டிருக்கேன். அதோட அந்த ஊட்டு உறவு அத்துப்போச்சு. அவரு பொண்ணு கலியாணத்துக்குக்கூட நான் போறதா இல்ல."

"அவருக்கும் உங்களுக்கும் முன்னப்பின்ன மனஸ்தாபம் ஏதாச்சும்?"

"இல்லீங்க. அதுதாங்க வயிறு எரியுது."

ராதிகா திரையைத் தள்ளிப் பார்த்தாள். "ஆப்புல ஒரே ஒரு பேங்க் கணக்குதான் இருந்துச்சா?"

"அதயேங் கேக்கறீங்க! பேங்க சேத்துக்கோன்னு ஆப்பு கேட்டுச்சு. சேத்தேன். அவரு எழுதி வெச்சிருந்ததும் அதே பேங்கு, இதும் அதே பேங்கு. ஒரே கணக்கு ரெண்டா நின்னுச்சு, காசும் ரெட்டிப்பாக் காட்டுச்சு. பங்காளி ஒருத்தரு எட்டிப் பாத்துட்டு, தேனு அவ புருசன் காச மறைச்சு வெச்சிருக்காள்னு மலை பூராச் சொல்லிட்டாரு."

"இல்லாத காசுக்கே இவ்வளவு சொந்தமா?" என்றான் சுதாகர். "இருந்திருந்தா சேலத்துல இருந்து தனி பஸ் உட்டுருப்பாங்க."

"அப்புறம் அத நானே நேர் பண்ணிட்டேன். அது கெடக்கட்டும்."

அதற்குள் ஒரு மலைக்காரர் மிளகு மூட்டையோடு வந்தார். தேன்மொழி நிறுத்தாள், கார்பன் வைத்து ஒரே சீட்டை இரண்டாக எழுதினாள், அவர் காசை வாங்கிக்கொண்டு தன் சீட்டை நீட்டியதும் அதை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். பார்க்காமலே கிழித்தாள்.

"எதுக்குங்க கிழிக்கறீங்க?" என்றான் சுதாகர்.

"ஒரு மூட்டைக்கு ரெண்டு சீட்டு நின்னா நாளைக்கு மூட்டையே ரெண்டாயிருமுங்க. முடிஞ்சதும் ஒண்ணக் கிழிச்சுரணும். மண்டியில பொறந்த கொழந்தைக்குக்கூடத் தெரியும்."

ராதிகாவின் கண் கூடையில் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "உங்க மச்சாண்டார் ஊட்டுல டவர் எடுக்குமா?"

"அங்க எங்கீங்க? ஊடு பள்ளத்துல. செத்தாச் சேதி சொல்லக்கூட ஆளு நடந்துதான் வரணும். தம்பி போனதுல இருந்து அவரு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல."

"போனும் அங்கயேதான் இருக்கு?"

"அங்கயேதான்."

ராதிகா மூட்டையிலிருந்து எழுந்த வேகத்தில் மிளகு சிதறியது. "பஸ் இன்னேரம் எங்க வந்திருக்கும்?"

"பாதி வந்திருக்கும். ஏனுங்க?"

"அந்தப் போன் இங்க வந்து சேரக் கூடாது. உங்க மொபெட் சாவி குடுங்க!"

*

மூட்டை சுமந்து பழகிய மொபெட். இரண்டு ஆட்களைப் போட்டதும் ஆட்சேபித்து முனகியது. சுதாகர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து காற்றோடு போட்டிபோட்டுக் கத்தினாள் ராதிகா.

"இந்த மாதிரி ஆப்புல கணக்கு போனுக்குள்ள மட்டும் இருக்காது. நெட்டுலயும் ஒண்ணு இருக்கும். ஒரு போன்ல அழிச்சா நெட்டுல அழியும். இன்னொரு போன் நெட்டைத் தொட்டவுடனே, 'அங்க அழிச்சாச்சு, நீயும் அழி'ன்னு அதுக்கு உத்தரவு வரும். அது மறுபேச்சுப் பேசாம அழிச்சுரும்."

"வளப்பூர் போன் டவரத் தொட்டே நாலு மாசமாச்சே!"

"அதான். அதுக்கு இன்னும் சேதியே போகல."

"அப்ப அந்தப் போனப் பொறுத்தவரைக்கும்..." சுதாகர் ஏதோ வேடிக்கையாகச் சொல்லத்தான் ஆரம்பித்தான். "செல்லமுத்து இன்னும் சாகலீங்களே அக்கா."

சொல்லிவிட்டு ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினான்.

டவர் எங்கே முடிகிறது? சாலையோரம் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் வண்டியை நிறுத்தினான் சுதாகர்.

"ஏனுங்க, வளப்பூர் பஸ்ஸுல வாரப்ப போனெல்லாம் எந்த எடத்துல கத்த ஆரம்பிக்கும்?"

அந்தம்மாளுக்குக் கேள்வி விசித்திரமாகவே படவில்லை. "மஞ்சப் பாறை வளைவுல சாமி. அதுல பஸ்ஸு திரும்புச்சுன்னா அத்தன போனும் ஒண்ணாக் கத்தும். தூங்கறவன்கூட எந்திரிச்சு உக்காருவான். சுளை வேணுமா?"

"வாரப்ப வாங்கிக்கிறேனுங்க."

மஞ்சள் பாறையைத் தாண்டியதும் சுதாகரின் போனில் டவர் கோடுகள் ஒவ்வொன்றாக அவிந்தன. "ஊரு உலகம் டவரத் தேடி மரத்து மேல ஏறுது. நாம டவரு இல்லாத எடத்தத் தேடி நாயா ஓடறோம். இதுக்குப் பயணப்படி உண்டுங்களா?"

கீழே ஹார்ன் கேட்டது. சுதாகர் மொபெட்டை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான். பஸ் அவன் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது.

"ஏய்யா, ரோட்டுல என்ன பொண்ணு பாக்கவா உக்காந்திருக்க?" டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார்.

"பொண்ணு உள்ள ஏறிட்டாங்க பாருங்க!"

ராதிகா ஏறியிருந்தாள். "வளப்பூர் நாடு மணிவண்ணன் யாருங்க?"

கடைசி சீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில் வருகைக்குத் தூக்குவதுபோல. மடியில் துணிப்பை. பைக்குள் துண்டு. துண்டுக்குள் போன்.

"தேன்மொழிகிட்டத்தான் குடுப்பேனுங்க. வேற யாருகிட்டயும் குடுக்க மாட்டேன்."

"அவங்ககிட்டயே குடுங்க. ஆனா பஸ் அந்த வளைவு திரும்பறதுக்குள்ள நான் ஒரு பொத்தான அமுக்கணும். இல்லீன்னா உங்க தம்பி எழுதுனது பூரா போயிரும்."

அவர் மறு கேள்வி கேட்கவில்லை. காய்ச்சல் கண்ட பிள்ளையை நர்ஸிடம் நீட்டுவதுபோல இரண்டு கையாலும் நீட்டினார். ராதிகா ஏரோப்பிளேன் படம் போட்ட பொத்தானை அமுக்கினாள். அமுக்கியது சரிதானா என்று மூன்று முறை பார்த்தாள்.

கண்டக்டர் விசில் ஊதினார். மணிவண்ணனையும் இறக்கிக்கொண்டு ராதிகா இறங்க, பஸ் முக்கிக்கொண்டு மேலே போனது. கொஞ்ச நேரத்தில் வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து சேவல், கோயில் மணி, சினிமாப் பாட்டு என்று எல்லா போனும் ஒன்றாகக் கத்துவது இங்கே வரை கேட்டது.

மணிவண்ணன் கையிலிருந்த போன் மட்டும் வாய் திறக்கவில்லை.

*

மூவரும் ஒரு மதகுச் சுவரில் உட்கார்ந்தார்கள். ராதிகா ஆப்பைத் திறந்தாள்.

எல்லாம் இருந்தது. அஞ்சு வருஷமும். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

சுதாகர் எட்டிப் பார்த்து ஒன்றைப் படித்தான். "'அண்ணனுக்கு வேட்டி. பழசு கிழியலியேடான்னாரு. பின்னால கிழிஞ்சிருந்தத நான் சொல்லல.'"

மணிவண்ணன் தன்னையறியாமல் வேட்டியின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டார். "எம் மக படிச்சுக் காட்டுவாங்க. எனக்கு எழுத்துத் தெரியாது. சாயங்காலமானா சார்ஜ் ஏத்தி, ஏதாச்சும் ஒரு பக்கம் படி சாமின்னு உக்காந்துக்குவேன். அவன் பேசற மாதிரியே இருக்கும்." துண்டை மடித்தார். "அம்மணி போன்ல இதே இருக்குதுன்னு சொன்னாங்க. அதுகிட்டதான் ஒண்ணு இருக்குதே, இது நம்மகிட்ட இருக்கட்டுமேன்னு நெனச்சேன். நான் தப்பா எதையாச்சும் அமுக்கிட்டேனுங்களா?"

"நீங்க ஒண்ணும் அமுக்கல," என்றாள் ராதிகா. அவள் முகத்தில் வழக்கைப் பிடித்த சந்தோஷம் இல்லை. "சுதாகரு, கேஸு முடிஞ்சுது."

"யாருங்க அக்கா?"

"அழிச்ச ஆள் கையில இருக்கற போன்லதான் முதல்ல அழியும். இவரு அழிச்சிருந்தா இதுல ஒண்ணும் இருக்காது. இதுல எல்லாம் இருக்கு. இந்த ஆப்பு இருக்கறது ரெண்டே போன்ல. அப்ப?"

சுதாகர் மண்டி இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒரே பேங்க் ரெண்டா நின்னுச்சு. ஊரு வாய மூடணும். அதுல ஒண்ணு பேங்க் தானா அனுப்புனது. காசு பைசா சுத்தமா பாஸ்புக்கோட ஒத்துப்போச்சு. இன்னொண்ணு அவரு கையால எழுதுனது. அங்க இங்க இடிச்சுச்சு. மண்டிக்காரங்க என்ன பண்ணுவாங்க? ஒத்துப்போறத வெச்சுக்கிட்டு மத்ததக் கிழிப்பாங்க. ஆப்பு 'நெசமாவா?'ன்னு இங்கிலீஸ்ல கேட்டிருக்கும். ஆமான்னு அமுக்கியிருப்பாங்க. நகல் சீட்டுக் கிழிச்சதா நெனப்பு. ஆனா கணக்க அழிச்சா அதுக்குள்ள எழுதுனதும் சேந்து போயிரும். மிச்சம் நிக்கறது பேங்க் குடுத்த சில மாசந்தான். அதுக்கு முந்தினத பேங்க் குடுக்காது."

"அப்ப என்னதாங்க பண்ணியிருக்கணும்?"

"அவரு எழுதுன கணக்குல இருக்கறத ஒவ்வொண்ணா பேங்க் கணக்குக்கு மாத்திட்டு, காலியானதுக்கு அப்புறம் பழச மூடணும். அவ்வளவுதான்."

மணிவண்ணன் மடித்த துண்டைப் பைக்குள் வைத்தார். "இது அம்மணிக்குத் தெரிய வேண்டாமுங்க."

"என் கட்சிக்காரங்க அவங்க. கேட்டாச் சொல்லித்தான் ஆவணும்."

அவர் தலையாட்டினார். சம்மதமா இல்லையா என்று அந்தத் தலையாட்டலில் தெரியவில்லை.

திரும்பும்போது மொபெட்டில் மூன்று பேர். "நடுவுல உக்காருங்க பெரியப்பா, சரக்க நடுவுலதான் வெக்கணும்," என்றான் சுதாகர். யாரும் சிரிக்கவில்லை; அவனும்தான்.

*

மச்சாண்டார் இல்லாமல் பஸ் வந்து நின்றதைப் பார்த்ததிலிருந்து தேன்மொழி கடைவாசலிலேயே நின்றிருந்தாள். மணிவண்ணன் இறங்கினார். ராதிகா பேச வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நாந்தான் அம்மணி. தெரியாம எதையோ அமுக்கிட்டேன். நாந்தான் அழிச்சுட்டேன். என்ன வேணா திட்டிக்க."

ராதிகா சுதாகரைப் பார்த்தாள். சுதாகர் செருப்பைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும்," என்றாள் தேன்மொழி. சத்தம் ஏறியது. "எனக்குத் தெரியுமுங்க! கூடப் பொறந்தவன் எழுத்த அழிக்க எப்படிங்க மனசு வந்துச்சு? நான் என்ன சொத்தா கேட்டேன்? நாலு வரிதானுங்களே கேட்டேன்!"

"ஆமா கண்ணு. தப்புத்தான்."

அவள் போனைப் பிடுங்கினாள். பாதி அழுகையில் ஆப்பைத் திறந்தாள். திட்டிக்கொண்டே தள்ளினாள். தள்ளத் தள்ளத் திட்டு குறைந்தது. பிறகு விரல் மட்டும் தள்ளிக்கொண்டிருந்தது.

சாலையில் ஒரு லாரி போயிற்று.

"மச்சாண்டாரே," என்றாள். "நீங்க அழிச்சிருந்தா இதுல எப்படிங்க எல்லாம் இருக்குது?"

மணிவண்ணன் விழித்தார். "அது... போனு கோளாறு சாமி. போயிட்டு மறுபடி வந்துருச்சு."

தேன்மொழி தன் போனை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தாள். ஒன்று நிறைய. ஒன்று காலி. எத்தனையோ பேர் கொண்டுவந்த மூட்டையில் ஈரம் கலந்திருப்பதைக் கைவைத்தே கண்டுபிடிக்கிறவள் அவள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டு நின்னுச்சு," என்றாள் தனக்குள். "இடிச்சத நானே..." கையால் கிழிப்பதுபோலக் காட்டினாள். கை பாதியில் நின்றுவிட்டது. ராதிகாவைப் பார்த்தாள். "ஆமாங்களா?"

சில கேள்விகளுக்குப் பீஸ் வாங்கியிருக்கக் கூடாது என்று ராதிகாவுக்குத் தோன்றியது.

"ஆமாங்க."

தேன்மொழி மூட்டைமேல் உட்கார்ந்தாள். சுதாகர் தண்ணீர்ச் செம்பை நீட்டினான். அவள் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

"இந்தப் போன் டவரத் தொடாம இருந்தா எழுத்து பத்திரமா இருக்கும்," என்றாள் ராதிகா. "நாமக்கல்ல ஒயரு போட்டுக் கம்ப்யூட்டருக்கு எடுத்துரலாம். ரெண்டு பேருக்கும் ஒவ்வொண்ணு. ஒண்ணும் போகல."

"உங்க மேல போலீசுக்குப் போறேன்னு சொன்னேனுங்களே," என்றாள் தேன்மொழி, மணிவண்ணனிடம்.

"சொன்னதால பஸ் ஏறுனேன். இல்லீன்னா இந்தக் கடையப் பாக்க எனக்குத் தெம்பே வந்திருக்காது."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். போனைச் சுதாகரிடம் நீட்டினாள். "கடைசில என்ன எழுதியிருக்காருன்னு படிங்க. நாலு நாலு வரியா மொதல்ல இருந்துதான் படிச்சுக்கிட்டு வந்தேன். கடைசிக்குப் போக பயமா இருந்துச்சு."

"நானும் அதக் கேக்கலீங்க," என்றார் மணிவண்ணன். "மக அங்க வந்தான்னா, போதும் சாமி, மூடிருன்னுருவேன்."

சுதாகர் கடைசி வரைக்கும் தள்ளினான். தேதியைப் பார்த்தான். அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"'வளையல்'னு போட்டிருக்கு. தொகை பூஜ்யம்." விரலால் கீழே தள்ளினான். "கீழ எழுதியிருக்காரு: 'நாமக்கல் கடைவீதி. தேனுக்கு எடுக்கலாம்னு போனேன். வெலை அநியாயம். வேண்டாம்னு சொல்லிட்டுப் படி எறங்கிட்டேன், கடைக்காரன் கூப்புடுவான்னு பாத்தேன், கூப்புடல. நாளைக்குப் போனா அவனே எறங்கி வருவான்.'"



"எங்கீங்க எறங்கி வருவான்," என்றாள் தேன்மொழி. வெறும் மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். "மறுநா இவரேதான் திரும்பிப் போயி, அவன் கேட்ட காசக் குடுத்து வாங்கிட்டு வந்திருப்பாரு. இவருக்குப் பேரமே பேச வராதுங்க."